திருட்டுக்கு வழிவிட்ட கட்டடங்கள்

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979இல் முன்வைத்த ‘சிக்கல் சார்ந்த காவல்’ என்னும் கருத்து, ஓரிடத்தில் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நிகழும் குற்றங்களைத் தனித்தனிப் புகார்களாகப் பிரித்துப் பார்க்காமல், ஒரே சிக்கலின் வெளிப்பாடுகளாகக் கொண்டு அதன் காரணத்தைக் களையுமாறு காவல்துறையைக் கேட்கிறது. 1980களின் நடுவில் வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் இக்கருத்து சோதிக்கப்பட்டபோது, வீடு புகுந்து திருடுவது ஓயாதிருந்த நியூ பிரையர்ஃபீல்டு குடியிருப்பின் மக்களிடமே காவலர்கள் கருத்தாய்வு நடத்தினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தற்காலிகமாக எழுப்பப்பட்ட அக்கட்டடங்களின் சிதைவே திருடர்களுக்கு வழிவிடுகிறது என்பது அதில் தெரியவந்தது. அதன்பின் காவல்துறை பிற நகரத் துறைகளை ஒருங்கிணைத்துக் குப்பையையும் கைவிடப்பட்ட வாகனங்களையும் அகற்றச் செய்ததுடன், குடியிருப்போரை வேறு வீடுகளில் அமர்த்தும் நீண்டகாலத் திட்டத்தையும் முன்னெடுக்க, திருட்டு ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்தது. இங்கு உண்மையில் பலனளித்தது கூடுதல் ரோந்து அன்று, பொறுமையான பகுப்பாய்வே. சிக்கலைக் கண்டறிதல், பகுத்தாய்தல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல் என்று இம்முறை வகுத்த நான்கு படிகளில் பல காவல் அமைப்புகள் இரண்டாவதை அவசரமாகக் கடந்து, பழகிய ரோந்துக்கும் கைதுக்கும் திரும்பிவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. கைதுகளின் எண்ணிக்கையே காவலரின் திறமைக்கு அளவுகோலாக நீடிக்கும்வரை, நிகழாமற்போன திருட்டுக்காக உழைத்தவரின் பணி எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது. மாற்றம் அந்த அளவுகோலிலிருந்தே தொடங்கவேண்டும்.