என்னையும் ஒரு தலைக்கட்டாக எழுதுங்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்காளிகளுக்கும் விழாக் கமிட்டித் தம்பிகளுக்கும் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்கு வந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் புதுக் கல்வெட்டைக் காட்டினீர்கள். மேலே குடும்பத்துக்கு ஒருவராக வரி கட்டும் தலைக்கட்டுதாரர்கள். சித்தப்பா மக்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். நான் அடியில், 'வெளியூர் அன்பர்கள்' வரிசையில், சிமெண்ட் ஏஜெண்டுக்கும் பந்தல்காரருக்கும் நடுவில். தொகை மட்டும் பெரிய எழுத்தில். சபையில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அது தொண்டையிலேயே நிற்கிறது.

"வரி கட்டுறவன் உள்ளூர்க்காரன். நீ நன்கொடை குடுக்குறவன்ப்பா, உனக்குத்தான் கௌரவம்" என்றார் மாமா. நன்கொடை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் மாமா, வரி கட்டத்தான் உரிமை வேண்டும். வரி கட்டுகிறவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பான். முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று சண்டை போடுவான். அன்பர் என்ன செய்வார்? பொன்னாடையை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவார்.

என் கடைக்கு அடுத்து இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் ஒரு தௌக்கே. முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஹொக்கியன் சீனர், தாத்தா ஃபூஜியனிலிருந்து கப்பலேறியவர். போன ஏப்ரலில் முன்னோர் கல்லறைக்குப் படையல் போடத் தாத்தா ஊருக்குப் போனவர், ஒரு தடிப் புத்தகத்தோடு திரும்பினார். குலப் பதிவேடாம். கிரீஸ் கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். அவர் பேர். அதற்கடியில் மகன். அதற்கும் அடியில் பேரன். அந்தப் பொடியன் அந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை, எங்கள் கடைவாசலில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தௌக்கேயின் தாத்தாவைப் போலச் சீனாவிலிருந்து வந்தவர்களில் லோக் யூ என்று ஒருவர் இருந்தார். 1845இல் குவாங்டோங்கில் பிறந்து, 13 வயதில் சிங்கப்பூருக்கு வந்து கடைச் சம்பளத்துக்கு நின்றவர். மிச்சம் பிடித்த 99 டாலரில் சொந்தக் கடை போட்டார். பிறகு பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயச் சுரங்கம். ரவாங் சுரங்கத்தில் அவருக்குக் கூட்டாளி யார் தெரியுமா? பத்துமலை முருகன் கோயிலை உண்டாக்கிய நம்ம தம்புசாமிப் பிள்ளை. 1890களிலேயே அங்கே மின்சாரத்தில் பம்பு ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். நம்மூருக்குக் கரண்டு வந்த வருஷத்தைப் பெரியவர்களே சொல்லட்டும். 1893இல் கோலாலம்பூரில் விக்டோரியா பள்ளிக்கூடம் தொடங்கியபோதும் இருவரும் முன்னால் நின்றார்கள்.

லோக் யூவைச் சாமியாக்கவில்லை. அபின் குத்தகை, சூதாட்டக் குத்தகை எல்லாம் எடுத்தவர். நாலு கல்யாணம் வேறு. ஆனால் பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் ஹாங்காங் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்சம் டாலரை 21 ஆண்டுகளுக்கு வட்டியில்லாமல் கொடுத்தார். அங்குள்ள பெரிய மண்டபத்துக்கு இன்றைக்கும் லோக் யூ மண்டபம் என்றுதான் பேர். 'வெளியூர் அன்பர் மண்டபம்' என்று யாரும் வைக்கவில்லை.

அதே குவாங்டோங்கில் கைப்பிங் என்ற ஊர்ப்பக்கம் வெளிநாட்டுக் காசில் கட்டிய கோபுர வீடுகள் ஆயிரத்துக்கு மேல் நிற்கின்றன. 2007இல் யுனெஸ்கோ அவற்றில் சிலவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பலவற்றில் ஆளே இல்லை. காரைக்குடிப் பக்கம் போய்வருகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானும் ஊரில் மாடி வீடு கட்டிப் பூட்டித்தானே வைத்திருக்கிறேன். பணம் அனுப்பினால் கட்டடம் எழும்பிவிடும். ஆளை ஊரோடு வைத்துக்கொள்ள வசூல் நோட்டில் ஒரு வரி போதும், அதைத்தான் அடித்துவிட்டீர்கள்.

நான் இங்கே குறையாக இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் தெங்கு கிளானா சாலையில் என் கடையில் வந்து நில்லுங்கள், கல்லாவுக்கும் எனக்கும் நடுவில் காற்றுப் புக இடமிருக்காது. மகள் மருந்தியல் படிக்கிறாள். பிள்ளைகளுக்குக் குடிமக்களின் நீல ஐ.சி., எனக்கு மட்டும் நிரந்தரவாசியின் சிவப்பு. அதை ஏன் மாற்றவில்லை என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா தவறியபோது டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் பெரியப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். ஏன் காத்திருக்கவில்லை என்று நான் கேட்டதில்லை, கேட்க எனக்கு என்ன தகுதி? பாடை சுமந்த தோள்களுக்கு நான் பட்ட கடன் தீராது. அந்தக் கடனுக்காகத்தான் வருஷா வருஷம் கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் அனுப்பினேன். நீங்கள் அதை வெளியூரான் கொடுத்த பணமாக வரவு வைத்துவிட்டீர்கள்.

இப்போது ஊர் எல்லையில் அலங்கார வளைவுக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது வாட்ஸ்அப்பில். தம்பிகளா, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாஞ்சித் தோரணம் போலவே ஒன்று நிற்கிறது; இந்திய அரசு கட்டிக் கொடுத்தது, 2015இல் மோடியே வந்து திறந்தார். வளைவு பார்க்க நான் ஊருக்கு வர வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியது ரசீது. இந்த வருஷத் தலைக்கட்டு வரி உள்ளூர்க்காரனுக்கு எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல், அப்பா பேரைப் போட்டு அவர் மகன் என்று எழுதி அனுப்புங்கள். மகனுக்குத் தையில் கல்யாணம், பெண் ஈப்போ. முடிந்ததும் அவனையும் ஒரு தலைக்கட்டாக ஏற்ற வேண்டும். அவனுக்குத் தமிழே தடுமாறும் என்பீர்கள். தடுமாறட்டும், வரி நான் கட்டுகிறேன்.

அன்னதானத்துக்குச் சொன்ன அரிசி சொன்னபடி வந்து இறங்கும், அதில் மாற்றமில்லை. வளைவைப் பற்றிக் கல்வெட்டைத் திருத்தின பிறகு பேசுங்கள்.