தெய்வக் காற்றும் மனித புத்தியும்

தெய்வத்தின் பேரால் பிறர் உயிரைக் கேட்கிறவர்கள் தங்கள் உயிரை மாத்திரம் பத்திரமாக வைத்துக் கொள்ளுகிறார்கள். இதற்கு ருஜு வேண்டுமென்பவர்கள் ஜப்பான் ஆகாய விமானப் போர்வீரர் சபுரோ சகாயின் சரித்திரத்தைப் பார்ப்பார்களாக.

இவர் 1916-ல் சாகா என்னும் பிரதேசத்தில் பிறந்தவர். வீட்டில் சாமுராய் வம்சமென்ற பெருமை இருந்ததேயொழிய வயிற்றுக்குப் போதிய வழியில்லை. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். 1933-ல் கப்பற்படையில் சேர்ந்து, 1937-ல் விமானப் பயிற்சியில் முதல்வராகத் தேறி, சக்கரவர்த்தியின் பேரால் வெள்ளிக் கடிகாரம் பரிசு பெற்றார். சீனாவிலும், 1941 டிசம்பர் முதல் பிலிப்பைன்ஸ், நியூகினி முதலிய இடங்களிலும் யுத்தம் செய்தார். இவர் வீழ்த்திய விமானங்கள் 64 என்று 1957-ல் வெளியான புத்தகம் கூறிற்று. பின்னால் கணக்கை ஆராய்ந்தவர்களோ அதில் மிகக் குறைவே நிற்கும் என்கிறார்கள். வீர புராணமும் புராணந்தானே!

1942 ஆகஸ்ட் 7-ந் தேதி குவாடல்கனால் தீவருகே இவர் தலையில் குண்டு பட்டது. வலது கண் பார்வை போயிற்று. இரத்தம் வழிய, சுமார் நாலே முக்கால் மணி நேரம் கடல்மேல் விமானத்தை ஓட்டி ரபாவுல் தளத்தில் இறங்கினார். இவரைக் காப்பாற்றியது எது? கற்ற தொழிலும், தளராத புத்தியுமேயல்லாமல் தெய்வமா? தெய்வமென்றால், ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்ட ரக்ஷைத் துணியைக் கட்டிக்கொண்டே மாண்டுபோன சிப்பாய்களை அது ஏன் கைவிட்டது?

1944 ஜூலையில் இவோ ஜீமாவிலிருந்து, திரும்பி வராமல் எதிரிக் கப்பலில் மோதிச் சாகும்படி இவருக்கு உத்தரவாயிற்று. வழியில் எதிரி விமானங்கள் மறித்தன. கப்பலை அடைய வழியில்லை. வீணாகச் சாவதில் அர்த்தமில்லையென்று கண்டு, கூட வந்தவர்களையும் அழைத்துக்கொண்டு தளத்துக்குத் திரும்பினார். இதைக் கோழைத்தனமென்பவர் யார்? ஒற்றைக் கண்ணோடு மறுபடியும் யுத்தத்துக்குப் போனவரையா கோழை என்பது?

அதே வருஷம் அக்டோபரில் 'தெய்வக் காற்று'ப் படை கிளம்பிற்று. 1281-ல் மங்கோலியக் கப்பல்களைப் புயல் நாசமாக்கியதைத் தெய்வச் செயலென்று நம்பியவர்கள் வைத்த பெயர் அது. 3,000-க்கு மேற்பட்ட வாலிபர்கள் விமானத்தோடு மோதி மாண்டார்கள். 1945-ல் ஊர் ஊராகத் தீப்பற்றி எரிந்தபோது அந்தத் தெய்வக் காற்று எங்கே போயிற்று?

சக்கரவர்த்தியைத் தெய்வமென்பது கற்பனையே என்று 1946 ஜனவரி 1-ந் தேதி சக்கரவர்த்தியே அறிக்கை விட்டார். அவர் 1989 வரை அரண்மனையில் வாழ்ந்தார். அவரைத் தெய்வமென்று நம்பி மாண்ட பிள்ளைகளோ மாண்டவர்களே!

சகாயை நாம் பூஜிக்க வரவில்லை. சீனர்மேல் நடந்த அக்கிரம யுத்தத்தில் அவரும் ஒரு கருவி. ஆனால் யுத்தத்துக்குப்பின் இனி எவ்வுயிரையும் கொல்வதில்லையென்று உறுதிகொண்டார். தம்மைச் சுட்டவரையே சந்தித்துப் பேசினார். யுத்தத்துக்குச் சக்கரவர்த்தியும் பொறுப்பாளியென்று பகிரங்கமாய்ச் சொன்னார். 2000-ல் 84-வது வயதில் இறந்தார்.

சாகச் சொன்ன உத்தரவை அவர் ஒருநாள் யோசித்துப் பார்த்தார். அதனால் அதற்குப் பிறகு 56 வருஷம் வாழ்ந்தார். யோசிக்க விடாமல் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு யார் ஜவாபு சொல்லுவது?