ஒரு விளக்குக்கு இரண்டு பில்!

மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் ஓடட்டுமே, அதிலென்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. கையில் காசுள்ளவன் வாங்குகிறான், வெளிச்சம் பெறுகிறான், யாருக்கு நஷ்டம்? கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். இந்த நியாயம் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஓடினால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை லெபனான் நாட்டிலே பார்க்கிறோம்.

1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1990இல் ஓய்ந்தது. மின் நிலையங்கள் சிதைந்து கிடந்தன. சீர்ப்படுத்தத் தொடங்கினால், 1996இலும் 1999, 2000 ஆண்டுகளிலும் இஸ்ரேல் விமானங்கள் அவற்றின்மீது குண்டு போட்டன. மிச்சத்தை ஊழல் பார்த்துக்கொண்டது. 2019க்கு முன்பே தலைநகர் பெய்ரூட்டில் நாளுக்கு 3 மணி நேர வெட்டு. வெளியூர்களில் 12 மணி நேரம், அதற்கு மேலும்கூட. இருட்டிலும் தலைநகருக்கு ஒரு நீதி, பட்டிதொட்டிக்கு ஒரு நீதி!

அந்த இருட்டிலே கடை விரித்தவர்கள்தாம் ஜெனரேட்டர் முதலாளிகள். தெருமுனையில் பெரிய டீசல் எந்திரம். கம்பத்துக்குக் கம்பம், மாடிக்கு மாடி கம்பி. வீட்டுக்கு 5 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர் என்று மாதச் சந்தா. 5 ஆம்பியரில் விளக்கு எரியும், பிரிட்ஜ் ஓடும். கூடவே இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் வீடே அணைந்துபோகும். பெரும்பாலும் தெருவுக்கு ஒரே முதலாளி. விலை கட்டவில்லை என்று அடுத்த தெருக்காரரிடம் போக வழியில்லை.

மின்சாரம் விற்கும் உரிமை 1964இல் அமைந்த அரசு நிறுவனத்துக்கே என்பது அந்நாட்டுச் சட்டம். அதே அரசின் மின்துறை அமைச்சகம் ஜெனரேட்டர் மின்சாரத்துக்கு மாதந்தோறும் விலை அறிவிக்கிறது! கள்ளச் சரக்குக்குச் சர்க்கார் விலைப்பட்டியல்! 2018இல் வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஒரு மாலை நேரம் எந்திரங்களை நிறுத்தி, நாட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்று காட்டினார்கள்.

அரசு மின்சாரமோ மலிவு. 1994இல் வைத்த கட்டணத்தை 2022 நவம்பர் வரை தொடவில்லை. மலிவு நல்லதுதானே என்று தோழர்கள் கேட்கலாம். வந்தால் நல்லதுதான்! வராத மின்சாரத்துக்கு மலிவு விலை வைத்து, அந்த நஷ்டத்தைப் பொதுக் கடனில் ஏற்றி, வெளிச்சத்துக்காக மக்களைத் தெருமுனைக்கு அனுப்பினார்கள்.

2019இல் பொருளாதாரம் சரிந்தது. டாலருக்கு 1,507 பவுண்டு என்றிருந்தது 2023இல் 89,000ஐத் தாண்டியது. தொழிலாளியின் கூலி பவுண்டில். ஜெனரேட்டர் பில் டாலர் விலையைத் துரத்திக்கொண்டு ஏறியது. 2021 அக்டோபர் 9ஆம் நாள் எண்ணெய் இல்லாமல் இரு பெரிய மின் நிலையங்களும் நின்று, நாடு முழுவதும் அரசு மின்சாரம் அற்றுப்போனது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் அதே கதை.

2023இல் வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. சந்தா கட்டும் குடும்பங்களில் பரம ஏழைகள், வருமானத்தில் 88 விழுக்காட்டை ஜெனரேட்டருக்கே கொடுக்கிறார்கள். மேல்தட்டினர் 21 விழுக்காடு! மிச்சமுள்ள 12இல் ரொட்டி எத்தனை, மருந்து எத்தனை?

புகையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பெய்ரூட்டில் சுமார் 8,000 ஜெனரேட்டர்கள் ஓடுவதாகவும், புற்றுநோய் உண்டாக்கும் நச்சு ஐந்தாண்டுகளில் இருமடங்காகியிருப்பதாகவும் அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் தெரிவித்தனர்.

முதலாளிகள் இல்லாவிட்டால் மருத்துவமனையே இருண்டிருக்கும் என்பார்கள். மெய்தான், மறுக்கவில்லை. அவர்களும் டீசலை டாலர் விலைக்குத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அரசு மின்சாரம் 24 மணி நேரமும் வந்துவிட்டால் இந்த வியாபாரம் என்னாகும்? அது வரவேண்டும் என்று அவர்களில் யார் கொடி பிடிப்பார்?

2021க்குப் பின், வசதியுள்ளவர்கள் மொட்டை மாடியில் சூரியப் பலகை பதித்து ஜெனரேட்டர் சந்தாவைக் குறைத்துக்கொள்கிறார்கள். கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு ஏது மொட்டை மாடி? தெருமுனை எந்திரத்துக்கு இனி அவனேதான் முழு வாடிக்கைக்காரன்.