அச்சாரப் பணம் யாருக்குச் சொந்தம்?

பீரோ வாங்கப் போனாலும், பட்டுப்புடவைக்குச் சொல்லி வைத்தாலும், கல்யாண மண்டபம் பிடித்தாலும் முதலில் நம் கையிலிருந்து போவது முன்பணம். இன்று அதை அட்வான்ஸ் என்கிறோம்; நம் பாட்டிமார் அச்சாரம் என்றனர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. “சொன்ன சொல் தவற மாட்டோம்” என்று வாங்குபவர் தரும் உறுதி அது. “உங்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறோம்” என்று விற்பவர் தரும் உறுதியும் அதுவே. இரண்டு உறுதிகளும் சேர்ந்து ஒரு சிறு ரசீதில் அடங்கிவிடுகின்றன.

ஆனால் வாழ்க்கையில் எல்லாம் எண்ணியபடி நடப்பதில்லை. நோய் வருகிறது; வேலை போகிறது; கல்யாணம் தள்ளிப்போகிறது. அப்போது, “எங்களுக்கு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, “கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வராது” என்பதுதான். நாமும் தலைகுனிந்து வீடு திரும்புகிறோம். இந்த விடை நியாயமானதா? சட்டம் இதை ஒப்புக்கொள்கிறதா? நாளை குடும்பப் பொறுப்பை ஏற்கப்போகும் மாணவியராகிய நாங்கள் இதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

முதலில் வியாபாரியின் பக்கத்தையும் பார்ப்போம். ஒருதலையாகப் பேசுவது நீதியாகாது. தையற்காரர் நம் அளவுக்குத் துணியை வெட்டிவிட்டார் என்றால் அதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. தச்சர் நம் வீட்டு நிலைப்படிக்கென்று மரத்தை இழைத்துவிட்டார் என்றால் அது வேறொரு வீட்டுக்குப் பொருந்தாமற் போகலாம். மண்டபக்காரர் நமக்காக ஒரு முகூர்த்த நாளை ஒதுக்கியபின் அதே நாளுக்குக் கேட்டுவந்த நான்கு பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார். கடைசி வாரத்தில் நாம் வேண்டாம் என்றால் அவர் மண்டபம் வெறுமனே கிடக்கும். அந்த நட்டத்தை அவரே சுமக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு மனச்சாட்சி இடந்தராது. ஆகவே, முன்பணத்திலிருந்து ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

எங்கள் கேள்வி வேறு. நட்டமே ஏற்படாதபோது முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது எந்த வகையில் சேரும்?

எங்களுடன் படிக்கும் ஒருத்தியின் வீட்டில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மண்டப வாடகை ரூ.80,000. அம்மா இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவந்த சீட்டை எடுத்து ரூ.30,000 முன்பணம் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டதால் கல்யாணத்தை ஓராண்டு தள்ளிவைத்தனர். முகூர்த்தத்திற்கு மூன்று மாதம் இருக்கும்போதே மண்டபத்திற்குப் போய் விவரம் சொல்லிவிட்டனர். மண்டபக்காரர் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு வரியைக் காட்டி, “ஒரு காசும் கிடையாது” என்றார். அந்த முகூர்த்த நாளும் வந்தது. பள்ளிப் பேருந்து அவ்வழியே சென்றபோது மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மேளச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வேறொரு வீட்டுக் கல்யாணம்! அவர்களிடம் முழு வாடகை, இவர்களிடம் ரூ.30,000. ஒரே நாளுக்கு இரண்டு வருமானம். இதில் மண்டபக்காரருக்கு நேர்ந்த நட்டம் என்ன?

“ரசீதில் எழுதியிருக்கிறதே, கையெழுத்தும் போட்டாயிற்றே, இனி என்ன செய்வது?” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். இங்கேதான் நாம் அறிய வேண்டிய செய்தி இருக்கிறது. நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தண்டம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே பெறலாம் என்கிறது அதன் 74-ஆம் பிரிவு. அதாவது, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதை முழுவதும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருளன்று.

அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவில் ஓர் அழகிய உதாரணம் உண்டு. கச்சேரியில் பாடுவதற்காக ஒருவர் 1,000 ரூபாயை முன்னதாகவே பெற்றுக்கொள்கிறார். நோயுற்றதால் அவரால் பாட இயலவில்லை. கச்சேரி நடந்திருந்தால் அமைப்பாளருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இலாபத்தை அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத நிலையில், ஒருவர் துன்பம் மற்றவருக்கு ஆதாயமாகக் கூடாது என்னும் பண்பாட்டை இதில் காண்கிறோம்.

நீதிமன்றங்களும் இவ்வழியே சென்றிருக்கின்றன. தில்லியில் ஒரு பங்களாவை ரூ.1,12,500-க்கு வாங்க ஒருவர் ஒப்புக்கொண்டார். அச்சாரமாக ரூ.1,000-மும், பின்னர் ரூ.24,000-மும் கொடுத்தார். விற்பனை நிறைவேறவில்லை. 1963-இல் உச்ச நீதிமன்றம், அச்சாரமான ரூ.1,000-ஐ விற்பவர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரூ.24,000-ஐத் தண்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அச்சாரம் வேறு, விலையின் ஒரு பகுதி வேறு என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

மற்றொரு வழக்கு 2015-இல் முடிந்தது. தில்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் ஏலம் விட்ட ஒரு மனைக்கு ரூ.3.12 கோடி கேட்டவர் ரூ.78 இலட்சம் முன்பணம் கட்டியிருந்தார். ஆணையம் அதைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை 1994-இல் ரூ.11.78 கோடிக்கு விற்றது. ஏலம் எடுத்தவர் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆணையத்திற்கு நட்டமும் இல்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், ரூ.78 இலட்சத்தையும் 9 விழுக்காடு வட்டியுடன் திருப்பித்தரச் சொன்னது. அரசின் அமைப்புக்கே இந்த நீதி என்றால், மண்டபத்திற்கும் பீரோக் கடைக்கும் வேறு நீதி இருக்குமா?

வாங்குபவரே தம் விருப்பத்தால் பின்வாங்கினால் என்ன ஆகும்? 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தகைய ஒரு வழக்கிலும் தீர்ப்புக் கூறியது. அடுக்குமாடி வீட்டை வேண்டாம் என்று விட்டவரிடம், ஒப்பந்தத்தில் எழுதியபடி விலையில் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ள நிறுவனம் முயன்றது. ஒப்பந்தம் ஒருதலைச் சார்பானது என்று கூறி, 10 விழுக்காடு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பதை நீதிமன்றம் உறுதிசெய்தது. பின்வாங்கியவருக்கு இழப்பு உண்டு. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு என்பதே இதன் சாரம்.

1986-இல் நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த டிசம்பர் 24-ஆம் நாளைத் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் செயல்படத் தொடங்கியது. நேர்ந்த நட்டத்திற்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தத்தை, அது ‘முறையற்ற ஒப்பந்தம்’ என்றே குறிப்பிடுகிறது. ஒப்பந்தமே முறையற்றது என்னும் புகாரை மாநில நுகர்வோர் ஆணையத்திலும், சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையத்திலும் கொடுக்கலாம். மாவட்ட ஆணையத்தில், கொடுத்த தொகை ரூ.5 இலட்சம் வரை எனில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

அதே சமயம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனம் மாறினாலே முழுப் பணமும் திரும்பிவிடும் என்று கூறும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆயுள் காப்பீடு போன்ற சிலவற்றில் மட்டும், பத்திரம் கைக்கு வந்தபின் படித்துப் பார்த்துத் திருப்பித்தர 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே வாங்குபவருக்கும் கடமைகள் இருக்கின்றன. மூன்று கடைகளில் சொல்லிவைத்து, ஓரிடத்தில் வாங்கிக்கொண்டு, மற்ற இருவரிடமும் போய் நிற்பது நாணயமாகாது. வேண்டாம் என்று முடிவு செய்த அன்றே தெரிவித்துவிட வேண்டும். நாள் கடத்தினால் விற்பவரின் நட்டம் பெருகும். வாயால் சொல்வதோடு நில்லாமல் எழுத்திலும் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ரசீது வாங்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. பணத்தை நீட்டுவதற்கு முன், “ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும்.

வியாபாரப் பெருமக்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. ரத்து செய்வதற்கான விதியைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், எல்லாரும் படிக்கும்படி தமிழில் அச்சிடுங்கள். இத்தனை நாளுக்கு முன் சொன்னால் இவ்வளவு, அதற்குப் பின் சொன்னால் இவ்வளவு என்று படிப்படியாக வகுத்துவையுங்கள். அதே நாளுக்கு வேறொருவர் வந்துவிட்டால், முதலில் கொடுத்தவரைக் கூப்பிட்டு அவர் பணத்தை ஒப்படையுங்கள். அதனால் கடையின் பெயர் கெடாது, ஊரெல்லாம் பரவும்.

லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயுவை நாம் அறிவோம். வரி தண்டிப் பெருஞ்செல்வம் சேர்த்த அவர், இயேசு தம் வீட்டிற்கு வந்த அன்று, எவரையாவது ஏமாற்றி எதையேனும் வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எந்த நீதிமன்றமும் அவருக்கு ஆணையிடவில்லை. நான்கு மடங்கு வேண்டாம். நமக்குரிய ஒரு மடங்கு போதும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

கேட்பதற்கு நாம் ஏன் கூசுகிறோம் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை. அந்தத் தோழியின் அம்மா, “பெண்ணைப் பெற்றவர்கள், ஊர்ப் பகை நமக்கு வேண்டாம்” என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டாராம். நல்ல மனத்தால் விட்டுக்கொடுப்பது தருமம். பயத்தால் விட்டுக்கொடுப்பதைத் தருமம் என்று எப்படிச் சொல்வது? பெண்கள் குரலை உயர்த்திப் பேசலாகாது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நன்று, குரலை உயர்த்த வேண்டாம். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கை எழுதிக்கொண்டு, “உங்களுக்கு நேர்ந்த நட்டம் எவ்வளவு? அதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்” என்று அமைதியாகக் கேட்கலாம் அல்லவா? அதற்குச் சண்டை தேவையில்லை. கொஞ்சம் அறிவும் கொஞ்சம் துணிவும் போதும்.

அன்புச் சகோதரிகளே, நம் வீடுகளில் முன்பணமாகப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் ஒரு சீட்டோ, ஓர் அடகு நகையோ, அப்பாவின் பல நாள் கூலியோ இருக்கிறது. இனி வீட்டில் யார் அச்சாரம் கொடுக்கக் கிளம்பினாலும் ரசீதை நாம் வாங்கிப் பொடி எழுத்து உட்பட முழுவதும் படித்துச் சொல்வோம். பத்தாம் வகுப்பு வரை நம்மைப் படிக்கவைத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவியாக அது இருக்கட்டும்.