வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க!

கன்னம் வீங்கினால் பல் வீக்கம்தான் என்று கிராம்புத் தைலம் தடவி, "வலி இல்லையே" என்று இருந்துவிடுகிறோம். என் நாத்தனார் பெண்ணும் ஒரு வருஷம் அப்படியே ஓட்டினாள். எக்ஸ்ரேயில் பார்த்தால், தாடை எலும்புக்குள் 'அமெலோபிளாஸ்டோமா' கட்டி!

இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் பக்கம்தான் அதிகம் வரும். வலிக்காமல் மெள்ள வளர்ந்து எலும்பை அரிக்கும். சுரண்டி மட்டும் எடுத்தால் மறுபடி தலைகாட்டும். அதனால் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்தே வெட்டி எடுக்கிறார்கள்.

"முகம் கோணிப் போயிட்டா யார் கட்டிப்பா?" என்று பாட்டி அழுதாள். அதற்கும் வழி இருக்கு. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு உடம்பு பாரத்தை அதிகம் தாங்குவதில்லை. அதில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை மாதிரி வடிவமைத்து, டைட்டானியத் தகட்டால் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாயோடு இணைக்கிறார்கள். 1989-ல் அமெரிக்க டாக்டர் டேவிட் ஹிடால்கோ எழுதி வெளியிட்ட முறை இது. கால் ஆறியதும் நடக்கலாம். பிற்பாடு பல்லும் கட்டிக்கொள்ளலாம்.

காரணமில்லாமல் பல் ஆடுகிறதா, உதடு மரத்துப் போகிறதா, வீக்கம் இரண்டு வாரமாகியும் வடியலையா? உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள், சகோதரிகளே. கட்டி சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், இழக்கிற எலும்பும் கொஞ்சம்தான்!