மசில் காரை வெல்லும் மைவி

மாணவர்களே, உங்கள் வகுப்பில் கார் என்றால் உயிரையே விடும் நண்பர் ஒருவராவது இருப்பார். ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தில் வரும் 1970ஆம் ஆண்டு டோட்ஜ் சார்ஜரைப் பற்றிக் கேட்டால், ஓய்வு நேரம் முழுவதும் பேசிக்கொண்டே இருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற மசில் காரா, நம் ஊர் பெரோடுவா மைவியா, எதன் இயந்திரம் திறமையானது?

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு தவறு என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கோடைக்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவின் சிறு நகரங்களில் பழைய கார் கண்காட்சிகள் களைகட்டும். கடைத்தெருவிலோ கார் நிறுத்துமிடத்திலோ கார்கள் வரிசையாக நிற்கும். எல்லாக் கார்களின் பானெட்டும் திறந்திருக்கும். உள்ளே இயந்திரம் பளபளவென்று மின்னும். கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பகுதியில், வுட்வர்ட் அவென்யூ என்ற சாலையில் நடக்கும் ஊர்வலம் இவற்றுள் மிகப் பெரிய ஒன்று. 1995இல் தொடங்கிய அந்த ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கான பழைய கார்கள் வருகின்றன.

இத்தகைய இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “அந்தக் காலத்துக் காரைப் போல இப்போது யார் செய்கிறார்கள்? சட்டம் போட்டே நல்ல கார்களைக் கொன்றுவிட்டார்கள்.” நம் ஊர்ப் பெரியவர்களும் பழைய வண்டிகளைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். ஆனால், அந்தக் கார்களின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது.

முதலில் ‘ஹாட் ராட்’ கார்களைப் பாருங்கள். 1932இல் ஃபோர்ட் நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட வி-8 இயந்திரத்தைச் சாமானியரும் வாங்கக்கூடிய காரில் பொருத்தியது. 3.6 லிட்டர் இயந்திரம். 65 குதிரைத் திறன். சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் பழைய விலைக்குக் கிடைக்கத் தொடங்கின. தென் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, சக்கரத்தின் மேல்மூடி, பம்பர், கூரை என்று தேவையற்றதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிச் சென்று வேகத்தை அளந்தார்கள்.

ஏன் கழற்றினார்கள்? புதிய இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. ஆனால், நிறையைக் குறைத்தால் அதே விசைக்கு முடுக்கம் கூடும். நீங்கள் படிக்கும் நியூட்டனின் இரண்டாம் விதியை அவர்கள் திருகாணிச் சாவியைக் கொண்டு எழுதிக் காட்டினார்கள். கையில் காசில்லாத நிலைதான் அவர்களைப் பொறியியலாளர்கள் ஆக்கியது.

அடுத்தது மசில் கார். 1964இல் போண்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் கார் ஒன்றில், பெரிய கார்களுக்கான 6.4 லிட்டர் இயந்திரத்தைப் பொருத்தி ‘ஜிடிஓ’ என்று பெயரிட்டது. 325 குதிரைத் திறன் என்று விளம்பரம் செய்தது. கார் பரபரப்பாக விற்றது. மற்ற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. 1970இல் வந்த செவர்லே செவெல் காரின் 7.4 லிட்டர் இயந்திரத்துக்கு 450 குதிரைத் திறன் என்றார்கள்.

கேட்கவே மலைப்பாக இருக்கிறது, இல்லையா? இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஜிடிஓவின் 325ஐ 6.4ஆல் வகுத்தால், ஒரு லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 51 குதிரைத் திறன். செவெல் காருக்குச் சுமார் 61. மைவியின் 1.5 லிட்டர் இயந்திரம் தருவதோ சுமார் 100 குதிரைத் திறன். அதை 1.5ஆல் வகுத்தால் சுமார் 67 வருகிறது.

பந்தயத்தில் மைவி ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. செவெல் காரின் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள இயந்திரம், ஒவ்வொரு லிட்டருக்கும் அதைவிட அதிக வேலை வாங்குகிறது என்கிறேன். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அக்காலத்தில் இயந்திரத்தைத் தனியே மேடையில் வைத்து, காற்று வடிகட்டி, புகைப்போக்கி முதலிய சுமைகள் இல்லாமல் திறனை அளந்தார்கள். 1971இல் செவெல் காரின் மற்றொரு 7.4 லிட்டர் இயந்திரத்துக்கு இரு அளவுகளும் வெளியாயின. பழைய முறையில் 365. காரில் இருக்கும் நிலையில் அளந்தபோது 285. நடைமுறையில், மைவிக்கும் செவெல் காருக்கும் உள்ள இடைவெளி நம் கணக்கு காட்டுவதைவிடப் பெரியது.

மசில் கார் காலத்தில் அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. புகையைக் கேட்பாரும் அநேகமாக இல்லை. வேகம் வேண்டுமா? பெரிய இயந்திரத்தைப் பொருத்து. அவ்வளவுதான் சிந்தனை. ஹாட் ராட் இளைஞர்களிடம் இருந்த நெருக்கடி பெரிய நிறுவனங்களிடம் இல்லை.

அந்தச் சுகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் தெரியுமா? குழந்தைகள். அதிக அழுத்தத்தில் இயங்கும் இயந்திரத்தில் பெட்ரோல், உரிய நேரத்துக்கு முன்பே தானாகத் தீப்பற்றி ‘டக் டக்’ என்று தட்டும். அதைத் தடுக்கும் ஈயச் சேர்மத்தை 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகளாக, ஓடிய பெரும்பாலான கார்கள் ஈயத்தைக் காற்றில் கலந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பூமியின் வயதைத் துல்லியமாகக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, தம் ஆய்வுக்கூடத்தில் எங்கு பார்த்தாலும் ஈயம் ஒட்டியிருப்பதைக் கவனித்தார். அதன் தடத்தைப் பின்பற்றிச் சென்று, 1965 முதல் உலகை எச்சரித்து வந்தார்.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புதிய கார்கள் வெளியிடும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் 1975க்குள் 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது. முடியாது என்று பெரிய நிறுவனங்கள் முறையிட்டன, கெடுவும் தள்ளிப்போனது. இதற்கிடையே 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மசில் கார்களின் காலம் முடிந்தது.

“பார்த்தீர்களா, சட்டம்தானே கெடுத்தது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1975ஆம் ஆண்டு கொர்வெட் விளையாட்டுக் காரின் அடிப்படை இயந்திரம் 5.7 லிட்டர் இருந்தும் 165 குதிரைத் திறன்தான் தந்தது. அந்தக் காலத்துக் கார் பிரியர்களின் வருத்தம் பொய்யன்று.

ஆனால், அதே நேரத்தில் ஜப்பானில் நடந்ததைக் கவனியுங்கள். அப்போது ஹோண்டா கார் தொழிலில் ஒரு சிறிய நிறுவனம். அதன் பொறியியலாளர்கள் உருளைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை வைத்து, அங்கே தீயை மூட்டி, பெட்ரோல் குறைந்த கலவையையும் முழுமையாக எரிய வைத்தார்கள். அந்த இயந்திரம் 1975க்கான வரம்பை எட்டியது. சிறிய காருக்குத்தான் இது சரிவரும் என்ற ஏளனம் எழுந்தபோது, அவர்கள் ஒரு பெரிய செவர்லே இம்பாலா காரையே வாங்கி, அதன் வி-8 இயந்திரத்தில் தங்கள் முறையைப் பொருத்தி, அதையும் தேர்ச்சி பெற வைத்தார்கள். முடியாது என்று சொன்னவர்களின் காரைக் கொண்டே முடியும் என்று நிரூபித்தார்கள்.

பிறகு வந்தவை ஏராளம். வினையூக்கி மாற்றி நச்சுப் புகையை வெளியேறும் வழியிலேயே மாற்றியது. ஈயம் அந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. புகையில் மிஞ்சும் உயிர்வளியை அளக்கும் உணரி வந்தது. 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தைக் கணினி நொடிதோறும் சரிபார்க்கத் தொடங்கியது. புகையைக் குறைப்பதற்காகப் பிறந்த இந்தத் துல்லியத்துக்கும் மைவியின் சிறிய இயந்திரம் தரும் திறனில் பங்கு உண்டு. 1970களின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், அமெரிக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு இன்று 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துள்ளது. சிங்கப்பூர் 1998இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

“பழைய கார் கனமான இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது” என்பதும் அப்படியொரு நம்பிக்கைதான். 2009இல் அமெரிக்கக் காப்புறுதித் துறையின் சாலைப் பாதுகாப்புக் கழகம், 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரில் ஓட்டுநர் இருக்கும் பகுதியே நொறுங்கியது. உண்மையான ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் முன்பகுதி மடங்கி மோதலின் ஆற்றலை வாங்கிக்கொண்டது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும்.

அப்படியானால் பழைய கார்களை நசுக்கிவிடலாமா? கூடவே கூடாது. அவை எப்போதாவது சில மணி நேரம் ஓடுபவை. அதோடு, இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு நெகிழி மூடிதான் தெரியும். பழைய காரிலோ காற்று எங்கே நுழைகிறது, பெட்ரோல் எங்கே கலக்கிறது, வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். இதைவிட நல்ல இயற்பியல் மாதிரி கிடைப்பது அரிது.

எனவே, பழைய கார் கண்காட்சி நடந்தால் போய்ப் பாருங்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், உரிமையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இயந்திரம் எத்தனை லிட்டர்? எத்தனை குதிரைத் திறன்? 1 லிட்டர் பெட்ரோலில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வீட்டுக்கு வந்து, உங்கள் குடும்பத்துக் காருக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். புகைப்போக்கியை அறுத்து மோட்டார் சைக்கிளை அலற விடும் நண்பர் இருந்தால், அவரிடமும் கேளுங்கள்: “சத்தம் கூடியது சரி, வேகம் எவ்வளவு கூடியது? அளந்தாயா?” ஹாட் ராட் இளைஞர்கள் அளந்தார்கள்.

வினையூக்கி மாற்றியால் கரிவளியைத் தடுக்க முடியாது. உங்கள் தலைமுறையின் கார்களுக்கு வரும் கட்டுப்பாடு அதுதான். அப்போதும் “முடியாது” என்று சிலர் சொல்வார்கள். அன்று இம்பாலாவை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்களின் பக்கம் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.