கடை பெருசு, கணக்கு பாக்கி!



"சூப்பர் மார்க்கெட்காரன் வர்றான், இனி நமக்கு நல்ல காலம்" என்கிறார்கள். சுபிக்ஷாவை அதற்குள் மறந்துவிட்டோமா? 1997-ல் சென்னை திருவான்மியூரில் ஒரே ஒரு கடை. மளிகை, காய்கறி, மருந்து, செல்போன் என்று விற்று, 2008-ல் நாடு முழுக்க சுமார் 1,600 கடை! கடன் வாங்கிக் கடையைப் பெருக்கினார்கள். கையில் காசு தீர்ந்தது. 2009-ல் அத்தனையும் இழுத்து மூடியாச்சு. வேலை செய்தவனுக்குச் சம்பள பாக்கி, சரக்கு போட்டவனுக்கும் பாக்கி.

கடன் கொடுத்த வங்கி கோர்ட்டுக்குப் போகும். நாலு மூட்டை கத்தரிக்காய் போட்ட நாம் எங்கே போவது?

பெரிய கடைக்கு விற்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கடனுக்கு விற்காதீர்கள் என்கிறோம். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் தரகு கிடையாது. விற்ற காசு அன்றைக்கே நம் மடியில். அதுதான் நம் கடை!

நாம் கேட்பது:

* எடை போட்ட இடத்திலேயே ரொக்கம்!
* கழிவு பிரிப்பது நம் கண் முன்னால்!
* ஒன்றியந்தோறும் உழவர் சந்தை!

தனியாகக் கேட்டால் விரட்டுவான். ஊரே கேட்டால் உட்கார வைத்துப் பேசுவான். திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்